பொருத்தமும் சம்மதமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடையில் திருமணம்

1

உல்லாஸ்நகரை ஒட்டி அமைந்துள்ள கல்யாண், தமிழ்க் காதுக்குத் திருமணத்தையே நினைவூட்டும் பெயர் கொண்ட ஊர். சிந்தி அகதிகளின் குடியிருப்பாக இருந்த பழைய இராணுவ முகாமுக்கு 1949 ஆகஸ்டில் ராஜாஜி அடிக்கல் நாட்டி, அது உல்லாஸ்நகர் என்னும் பெயரைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1854-இல், பம்பாயின் இருப்புப்பாதை கல்யாணை எட்டியிருந்தது. அந்த ஊரில் 1865 மார்ச் 31 அன்று யமுனா என்னும் பெண் பிறந்தாள். ஒன்பது வயதில், தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவரும் மனைவியை இழந்தவருமான கோபால்ராவ் ஜோஷிக்கு அவள் மணமுடிக்கப்பட்டாள். கணவர் அவளுக்கு ஆனந்தி என்று புதுப்பெயர் சூட்டினார். பதினான்காம் வயதில் அவள் பெற்ற குழந்தை பத்து நாட்களில் இறந்தது. அவளைப் படிக்கவைத்தவர் கணவர். படிப்பில் அவள் தவறியபோது அடித்தவரும் அவரே என்பதை அவளுடைய கடிதங்கள் காட்டுகின்றன. 1886-இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பிய டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி, ஒரு நாளும் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்க வாய்க்காமல், 1887 பிப்ரவரி 26 அன்று புணேயில் காலமானார். அவருக்கு வயது இருபத்தொன்று.

அதற்கு அடுத்த வாரம், 1887 மார்ச்சின் முதல் நாட்களில், பம்பாய் உயர் நீதிமன்றம் மற்றொரு இளம்பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய், ஒரு மாதத்துக்குள் கணவன் வீட்டுக்குச் செல்ல வேண்டும், அல்லது ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அவர் சிறையைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார்.

ஒரே மாகாணத்தில், ஒரு வார இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்வுகளும் திருமணத்தைப் பற்றிய இரு வேறு கேள்விகளை முன்வைத்தன. பெண்ணை யாருக்கு, எந்த வயதில், எப்படிப்பட்டவருக்கு மணமுடிப்பது என்பது முதல் கேள்வி. இதைப் பொருத்தம் பற்றிய கேள்வி எனலாம். அந்த மணத்தில் இருக்க அவளுக்கு விருப்பம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. இது சம்மதம் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மொழிகளில் உருவான யதார்த்தப் போக்குடைய நாடகங்கள் முதல் கேள்வியை அரங்கின் நடுவில் வைத்து, சமூகத்தின் மனசாட்சியை அசைத்தன. இரண்டாவது கேள்வியை அவை ஏறத்தாழ முழுமையாகத் தவிர்த்தன. அந்தத் தவிர்ப்பு எப்படி நிகழ்ந்தது, அதன் விளைவு என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2

யதார்த்தம் என்ற சொல்லை இங்கு எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இப்சனின் நாடகங்களில் காணப்படும் நான்கு சுவர் கொண்ட வரவேற்பறை, பாடலற்ற உரையாடல், மூடிய நாடகக் கட்டமைப்பு ஆகியவை அன்றைய இந்திய மேடையில் இல்லை. பாடல்கள் இருந்தன, சூத்திரதாரன் இருந்தான், விதூஷகன் இருந்தான். எனினும் கதைக்களம் புராணத்திலிருந்து நடுத்தர வர்க்க வீட்டுக்குள் இறங்கியது. பாத்திரங்கள் கடன் வாங்கினர், தரகு பேசினர், சாதகம் பார்த்தனர், அன்றாடப் பேச்சுமொழியில் சண்டையிட்டனர். இந்த இறக்கத்தையே இக்கட்டுரை யதார்த்தம் எனக் குறிக்கிறது.

மராத்தி நாடகத்தின் தொடக்கமாகக் கருதப்படுவதே ஒரு திருமணக் கதைதான். 1843-இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே அரங்கேற்றிய 'சீதா சுயம்வரம்' அது. தெய்வத் திருமணத்திலிருந்து மனிதத் திருமணத்துக்கு மேடை வந்துசேர அதிகக் காலம் பிடிக்கவில்லை. 1855-இல் ஜோதிராவ் புலே 'திருதீய ரத்ன' என்னும் நாடகத்தை எழுதினார். கருவுற்ற குடியானவப் பெண்ணையும் அவள் கணவனையும் கிரகதோஷம் சொல்லி ஏமாற்றிப் பணம் பறிக்கும் புரோகிதனைப் பற்றிய கதை அது. இறுதியில் கணவனும் மனைவியும் தத்தம் அறியாமையை உணர்ந்து, இருவருமே கல்வி கற்கச் செல்ல முடிவு செய்கின்றனர். மீட்பவனின் கையைப் பிடித்துக்கொண்டு பெண் கரையேறும் காட்சி இதில் இல்லை. இருவரும் ஒன்றாகவே விழித்துக்கொள்கின்றனர். தட்சிணா பரிசுக் குழு இந்நாடகத்தை நிராகரித்தது. அது அச்சேற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

மேடை ஏற்ற வடிவம் வேறு. 1866-இல் ரண்சோட்பாய் உதயராம் குஜராத்தியில் எழுதிய 'லலிதா துக்கதர்சக்' அவ்வடிவத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. படித்த, குணமிக்க லலிதா, தகுதியற்ற நந்தன்குமாருக்கு மணமுடிக்கப்பட்டுத் துயரத்தில் அழிகிறாள். நூலின் பெயரே சொல்வதுபோல், அது துக்கத்தைக் காட்டும் நாடகம். பெற்றோர் வரனை ஆராயாமல் பெண்ணைக் கொடுத்தது குற்றம் என்பது அதன் படிப்பினை. சரியாக ஆராய்ந்து கொடுத்திருந்தால் துக்கம் இல்லை என்பது அப்படிப்பினையின் மறுபக்கம். 'கொடுத்தல்' என்னும் வினை இங்குக் கேள்விக்குள்ளாகவில்லை.

சீர்திருத்தத்துக்கு எதிரான நாடகங்களும் இதே காலத்தில் எழுந்தன. நாராயண் பாபுஜி கானிட்கர் எழுதிய 'தருணி சிக்ஷண நாடிகா' பெண்கல்வியையும் பெண் சுதந்திரத்தையும் கேலி செய்தது. படித்த பெண் கணவனை மதிக்கமாட்டாள் என்பது அத்தகைய கேலி நாடகங்களின் பொது அச்சம். சீர்திருத்த நாடகம் பெண்ணை அழவைத்தது. எதிர்ப்பு நாடகம் அவளை நகைப்புக்குரியவளாக்கியது. 1882-இல் 'ஸ்திரீ புருஷ துலனா' என்னும் நூலை எழுதிய தாராபாய் ஷிண்டே, தன் காலத்து நாடகங்களும் கதைகளும் பெண்களைச் சித்திரித்த விதத்தைக் கடுமையாகச் சாடியதை இப்பின்னணியில் வைத்துப் படிக்கவேண்டும். சூரத்தில் விஜயலட்சுமி என்னும் இளம் விதவை சிசுக்கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதும், அதையொட்டிப் பெண்களைத் தூற்றிப் பத்திரிகைகள் எழுதியதும் அந்நூலுக்குத் தூண்டுதலாயின. மேடையில் ஆண்கள் எழுதிய பெண்ணைப் பார்த்துப் பேசிய முதன்மையான பெண் குரல்களில் அது ஒன்று.

3

இவ்வகை நாடகங்களின் உச்சம் கோவிந்த் பல்லாள் தேவல் (1855–1916) எழுதிய 'சங்கீத சாரதா'. 1899-இல் கிர்லோஸ்கர் நாடக மண்டலி அதை அரங்கேற்றியது. 1880-இல் 'சாகுந்தல'த்தோடு புகழ்பெற்ற அந்த மண்டலி அதுவரை பெரிதும் புராண, காவியக் கதைகளையே பாடி நடித்துவந்தது. சமகாலக் குடும்பப் பிரச்சினையைச் சங்கீத நாடகத்தின் மையத்தில் வைத்தது தேவலின் சாதனை. அவருடைய பாத்திரங்கள் பேசும் மராத்தி, வீட்டுத் திண்ணையிலும் சமையலறையிலும் கேட்கும் மராத்தி.

கதை எளிமையானது. புஜங்கநாதர் செல்வர்; பேரன் பேத்தி எடுக்கும் வயதைக் கடந்தும் மறுமணம் செய்ய ஆசைப்படுபவர். காஞ்சன பட்டர் பணத்தாசை கொண்ட தந்தை. பெயரிலேயே பொன் இருப்பது தற்செயல் அன்று. தரகர் பத்ரேசுவர் இருவருக்கும் இடையே விலை பேசுகிறார். சாரதாவின் தாய் எதிர்க்கிறாள். அவளுடைய எதிர்ப்புக்கு வீட்டில் மதிப்பில்லை. சாரதா அஞ்சி, அழுது, தாயிடம் பாடலில் முறையிடுகிறாள். கோதண்டன் என்னும் இளைஞன் இந்த மணத்தைத் தடுக்க முனைகிறான்.

மணம் எப்படி நிற்கிறது என்பதே முக்கியம். கிழவருக்குச் சிறுமியைக் கொடுப்பது அநீதி என்னும் வாதத்தால் அது நிற்பதில்லை. சாரதாவின் மறுப்பாலும் நிற்பதில்லை. மணமகனும் மணமகளின் தந்தையும் ஒரே கோத்திரத்தினர் என்னும் உண்மை வெளிப்படுவதால் நிற்கிறது. சாத்திரம் உண்டாக்கிய தடையைக் கொண்டே சாத்திரத்தின் பெயரால் நடக்கவிருந்த அநீதி தடுக்கப்படுகிறது. பாதியில் நின்றுபோன மணத்தின் மணப்பெண்ணை இனி யார் ஏற்பார் என்று கலங்கிய சாரதா நீரில் விழுந்து உயிரைவிட முயல்கிறாள். கோதண்டன் காப்பாற்றுகிறான். குருபீடத்தின் இசைவோடு அவனே அவளை மணக்கிறான்.

இம்முடிவை எளிதில் குறை கூறிவிட முடியாது. 1891-இல் சம்மத வயதுச் சட்டம், மணமான பெண்ணோடு உறவுகொள்வதற்கான குறைந்தபட்ச வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியபோதே, 'மதத்தில் அரசு தலையிடுகிறது' என்னும் பேரெதிர்ப்பு மகாராஷ்டிரத்திலும் வங்கத்திலும் எழுந்திருந்தது. எட்டாண்டுகளுக்குப் பிறகு, அதே எதிர்ப்பாளர்களின் குடும்பங்களும் அமர்ந்திருக்கும் அரங்கில் கதையைச் சொல்ல வேண்டிய தேவல், சாத்திரத்தைச் சாத்திரத்தால் வெல்லும் வழியைத் தேர்ந்தார். பார்வையாளர்கள் ஏற்றனர். பெண்ணை விற்கும் தந்தைமீதும் வாங்கும் கிழவர்மீதும் ஏளனம் படர்ந்தது. ஒரு நாடகம் செய்யக்கூடிய பெரும்பணி அது.

ஆயினும் அந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. கோத்திரம் வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்விக்கு நாடகத்தினுள் விடை இல்லை. சாரதாவின் அச்சம் அரங்கை உருக்குகிறது. ஆனால் அவ்வச்சம் மணத்தை நிறுத்தும் காரணமாக ஏற்கப்படுவதில்லை. இறுதியில் அவள் பெறுவதும் பொருத்தமான மற்றொரு மணமகனையே.

இன்னொரு கூறும் கவனத்துக்குரியது. கிர்லோஸ்கர் மண்டலியில் பெண் வேடங்களைத் தாங்கியவர்கள் சிறுவர்களும் இளைஞர்களும். சாரதாவின் நடுங்கும் குரல் ஓர் ஆணின் தொண்டையிலிருந்தே வந்தது. 1905-இல் அதே மண்டலியில் சேர்ந்த பால கந்தர்வர் பெண் வேடத்தில் பெற்ற புகழ் எத்தகையது என்றால், அவர் மேடையில் சேலை கட்டிய விதத்தையும் நகை அணிந்த விதத்தையும் மகாராஷ்டிரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் பின்பற்றினர். பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படித் தலைகுனிய வேண்டும், எப்படி அழ வேண்டும் என்பதை ஆண் எழுதி, ஆண் நடித்துக் காட்டினான். பெண் பார்த்துக் கற்றாள். பெண்ணின் துயரத்துக்கு அரங்கில் இடம் கிடைத்தபோதும் பெண்ணுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. பம்பாயின் பார்சி நாடகக் குழுக்களில் மேரி ஃபென்டன் போன்ற சில நடிகையர் தோன்றியது இதற்கு விலக்கு.

4

பம்பாயிலிருந்து கிழக்கே, அன்றைய சென்னை மாகாணத்தின் வட எல்லையில், இதே பொருளில் மற்றொரு நாடகம் உருவாகியிருந்தது. குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' 1892-இல் விஜயநகரத்தில் மேடையேறி, 1897-இல் அச்சானது. 1909-இல் ஆசிரியரே அதை விரிவாகத் திருத்தி எழுதினார். இதன் பின்னணியில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. விஜயநகர மகாராஜா ஆனந்த கஜபதியின் ஆணைப்படி, விசாகப்பட்டினம் மாவட்டத்துப் பிராமணக் குடும்பங்களில் மூன்றாண்டுகளில் பெண்ணுக்கு விலை பெற்று நடந்த திருமணங்கள் தொகுக்கப்பட்டன. பதிவானவை மட்டும் 1,034 எனக் குரஜாட தம் முன்னுரையில் குறிக்கிறார். யதார்த்த நாடகம் புள்ளிவிவரத்திலிருந்து பிறந்ததற்கு இந்திய மொழிகளில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கதையின் சூழ்ச்சி வியப்பூட்டுவது. அக்னிஹோத்ராவதானி தம் சிறு மகள் சுப்பியை லுப்தாவதானி என்னும் கிழவருக்கு விற்க ஏற்பாடு செய்கிறார். அதைத் தடுக்கச் சிறுமியின் தாய்மாமன் கரடக சாஸ்திரி, தம் சீடனாகிய சிறுவனுக்குப் பெண் வேடமிட்டு, அவனையே கிழவருக்கு மணமுடித்து வைக்கிறார். ஆண்களே பெண் வேடம் பூண்ட காலத்து மேடையில், கதைக்குள்ளும் மணமகள் ஆணாகவே இருக்கிறாள். குழந்தை மணச் சந்தையில் மணமகள் என்பவள் ஒரு சேலை, ஒரு தாலி, ஒரு விலை. அவற்றுக்குள் யார் இருக்கிறார் என்பதை வாங்குபவர் கவனிப்பதே இல்லை என்பதை இந்தக் கேலிக்கூத்து உணர்த்துகிறது. சீர்திருத்தச் சொற்பொழிவுகள் பலவற்றைவிட இக்காட்சி கூர்மையானது.

ஆனாலும் இங்கும் சுப்பி காப்பாற்றப்படுபவள். அவள் தரப்பில் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளுடைய அக்கா, இளம் விதவை புச்சம்மா, ஆங்கிலம் பேசும் போலிச் சீர்திருத்தவாதி கிரீசத்தின் இனிக்கும் பேச்சில் மயங்கி அவனோடு செல்கிறாள். கிரீசத்தின் உள்நோக்கம் அம்பலமானதும், நல்லெண்ணம் கொண்ட வழக்கறிஞர் சௌஜன்யராவ் அவளைப் புணேயிலுள்ள விதவையர் இல்லத்துக்கு அனுப்ப முடிவெடுக்கிறார். அக்கால வாசகருக்குப் புணே என்னும் பெயர் வெறும் ஊர்ப்பெயர் அன்று. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனம் அடுத்த ஆண்டு புணேவுக்கு மாறியது. அங்குப் பயின்ற இளம் விதவையை தோண்டோ கேசவ கார்வே 1893-இல் மணந்து, பின்னர்த் தாமே விதவையருக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். தெலுங்கு நாடகத்தின் முடிவு, இவ்வாறு பம்பாய் மாகாணத்தின் நிஜ நிறுவனங்களோடு கைகோர்க்கிறது.

கன்யாசுல்கத்தில் தன் விருப்பத்தைத் தானே பேசும் பெண் ஒருத்தி உண்டு. அவள் மதுரவாணி. யாரோடு இருப்பது, எதற்கு உடன்படுவது, எப்போது விலகுவது என்று நிபந்தனை விதித்து, அதை நிறைவேற்றிக்கொள்பவள் அவளே. கிரீசத்தின் முகமூடியைக் கிழிப்பதும் அவளே. அவளுக்கு இந்த வாய்ப்பு அமைந்ததன் காரணம் வெளிப்படை. அவள் கணிகை, திருமணத்துக்கு வெளியே நிற்பவள். மனைவிக்கும் மகளுக்கும் விதவைக்கும் இல்லாத சம்மத உரிமையைக் குரஜாட ஒரு கணிகையின் நாவில் வைத்தார். அந்த உரிமை திருமணத்துக்குள் எங்கு இடம்பெறும் என்பதற்கு அவராலும் வழி காட்ட இயலவில்லை.

5

தமிழ் மேடையில் இந்த வரைபடம் சற்றே மாறுகிறது. சென்னையில் காசி விசுவநாத முதலியார் (1806–1871) எழுதிய 'டம்பாச்சாரி விலாசம்', தமிழில் சமகால நகர வாழ்வைப் பொருளாகக் கொண்ட முன்னோடி நாடகங்களில் ஒன்று. ஆடம்பரத்திலும் தாசி மோகத்திலும் செல்வத்தை இழந்து நிற்கும் செல்வன் ஒருவனின் கதை அது. இங்குப் பழி பெண்ணைக் கொடுத்த தந்தைமீது விழுவதில்லை. மணவாழ்வின் கேடு வீட்டுக்கு வெளியேயுள்ள பெண்ணிடமிருந்து வருகிறது. மனைவி பொறுத்திருப்பவள், கணவன் திருந்த வேண்டியவன், தாசி பறிப்பவள். தெலுங்கில் விருப்பத்தின் குரலாக ஒலிக்கும் கணிகை, தமிழில் எச்சரிக்கைச் சின்னமாகிறாள்.

இந்நாடகத்தின் மேடை வரலாறு அதன் பிரதியைவிடச் சுவையானது. கும்பகோணத்து பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை நடத்தினார். ஆண் வேடங்களையும் பெண்களே தாங்கிய அக்குழு நடித்தவற்றுள் டம்பாச்சாரி விலாசமும் உண்டு. பாலாமணி தேவதாசி மரபில் வந்தவர். தாசியைப் பழிக்கும் நாடகத்தைத் தாசி மரபினரே நடத்தினர். மோகத்தில் சீரழியும் ஆணை ஒரு பெண் வேடமிட்டு ஆடினாள். பார்வையாளர் வழியில் வரவும் போகவும் தொடர்வண்டி விடப்பட்டது என்னும் அளவுக்கு அக்குழுவின் புகழ் இருந்தது. 1891-இல் தோன்றிய சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் நாடகத்துக்குக் 'கௌரவம்' தேடியபோது, பெண் வேடங்கள் மீண்டும் படித்த ஆண்களிடமே சென்றன. கௌரவமான மேடை என்பது பெண் இல்லாத மேடை என்றாயிற்று. கௌரவமான திருமணம் என்பதும் பெண்ணின் சொல் இல்லாத திருமணமாகவே இருந்தது.

6

மேடை பேசத் தயங்கியதை நீதிமன்றத்தில் ஒரு பெண் பேசினார். 1864-இல் பிறந்த ருக்மாபாய், பம்பாயில் தன் தாய் ஜெயந்திபாயுடனும் தாயின் இரண்டாம் கணவரான மருத்துவர் சகாராம் அர்ஜுனுடனும் வளர்ந்தவர். தச்சுத் தொழில் சார்ந்த அவர்தம் சாதியில் விதவை மறுமணத்துக்குத் தடை இருக்கவில்லை. பதினொரு வயதில் தாதாஜி பிகாஜிக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். ஆனால் கணவன் வீட்டுக்குச் செல்லவில்லை. பெற்றோர் வீட்டிலேயே படித்தார். 1884-இல் தாதாஜி, மணவாழ்வு உரிமையை மீட்டுத் தருமாறு வழக்குத் தொடுத்தார்.

நாடகங்களின் அளவுகோலால் பார்த்தால் இது வலுவான கதை அன்று. கணவன் கிழவன் இல்லை. எட்டு வயதளவே மூத்தவன். பெண் விற்கப்படவில்லை. கோத்திரச் சிக்கல் இல்லை. சாரதாவுக்குக் கிடைத்த தப்பும் வழி எதுவும் ருக்மாபாய்க்கு இல்லை. மீதமிருந்தது ஒன்றுதான்: தன் அறிவு முதிராத வயதில், தன் இசைவின்றி நடந்த மணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்னும் அவருடைய வாதம்.

1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய வழக்கின் வேர் இந்து சாத்திரத்தில் இல்லை, இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்தில் உள்ளது. சிறுவயதில் மணமான பெண்ணை அவள் விரும்பாத ஒருவரிடம் கட்டாயப்படுத்தி அனுப்புவது கொடுமை என்பது அவருடைய கருத்து. மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. மீண்டும் விசாரணைக்கு வந்தபோது 1887-இல் நீதிபதி ஃபாரன் தாதாஜிக்குச் சார்பாக ஆணையிட்டார். வழக்கு நடந்த காலத்தில் 'ஓர் இந்துப் பெண்' என்னும் புனைபெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் குழந்தை மணத்தையும் கட்டாய விதவைக் கோலத்தையும் எதிர்த்து ருக்மாபாய் எழுதிய கடிதங்கள் பெரும் விவாதத்தை எழுப்பின. பெஹ்ராம்ஜி மலபாரி அவருக்கு ஆதரவு திரட்டினார். திலகர் எதிர்த்தார், ஆங்கிலக் கல்வி இந்துப் பெண்ணைக் கெடுத்ததற்கு இவ்வழக்கே சான்று என்னும் தொனி எதிர்த்தரப்பில் ஓங்கியது. பெண்கல்வியைக் கேலி செய்த மேடை நாடகங்களின் தொனியும் இதுவே.

இவ்வழக்கின் முரண் ஒன்று சட்ட வரலாற்று மாணவர்கள் மறக்கக்கூடாதது. மணவாழ்வு உரிமை மீட்பு ஆணையை மீறுபவரைச் சிறையிலடைக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1884-இல் நீக்கியது. தாதாஜி பம்பாயில் வழக்குத் தொடுத்த ஆண்டும் அதுவே. தான் பிறந்த மண்ணில் கைவிடப்பட்ட தண்டனை, இந்தியப் பெண்ணுக்கு 'இந்து மரபின்' பெயரால் விதிக்கப்பட்டது.

1888-இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் கோரிக்கையைக் கைவிட்டார். கன்யாசுல்கத்தில் பெண்ணைக் கட்டுவதற்கு விலை. இங்கு விடுவிப்பதற்கு விலை. 1889-இல் லண்டனுக்குச் சென்று மருத்துவம் பயின்ற ருக்மாபாய், திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார். சாரதாவைப்போல் பொருத்தமான மற்றொரு மணமகனோடு அவர் கதை முடியவில்லை.

7

இந்தத் தயக்கத்தை இந்திய மேடையின் தனிக் குறையாகக் கொள்வது சரியாகாது. 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் மேடையேறிய இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் அதை நடிக்கவிருந்த நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, குழந்தைகளை விட்டுச் செல்லும் தாயாக நடிக்க மறுத்தார். பிறர் கைவைப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் என்று கருதி, நோரா வீட்டிலேயே தங்கிவிடும் மாற்று முடிவை இப்சனே எழுதிக்கொடுத்தார். பின்னர் அதை நாடகத்தின்மீது நிகழ்ந்த வன்முறை என்றே குறிப்பிட்டார். ஐரோப்பிய யதார்த்தத்தின் மூலவருக்கும் பார்வையாளரின் திருமணத்தோடு சமரசம் செய்ய நேர்ந்தது.

வேறுபாடு ஒன்று உண்டு. நோராவுக்கு முன்னோடியாக இருந்த லாரா கீலர் என்னும் நிஜப் பெண், கணவனால் மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டு, பின்னர்க் கணவனிடமே திரும்பினார். அங்கு நாடகம் வாழ்க்கையைவிட ஓரடி முன்னே சென்றது. பம்பாயிலோ வாழ்க்கை நாடகத்தைவிட முன்னே சென்றுவிட்டது. ருக்மாபாய் மறுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சாரதா, மறுக்கவில்லை, மீட்கப்பட்டாள்.

8

மேடை எந்தக் கேள்வியைக் கேட்டதோ அந்தக் கேள்விக்கே சட்டமும் விடை தந்தது. 1891-இன் சட்டம் வயதைப் பேசியது. 1929-இல் நிறைவேறிய குழந்தை மணத் தடுப்புச் சட்டமும் வயதையே பேசியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வரையறுத்தது. ஹர் பிலாஸ் சார்தா முன்மொழிந்ததால் அது சார்தா சட்டம் எனப்பட்டது. தேவலின் நாயகி பெயரும் சட்டத்தின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல். ஆயினும் இரண்டும் கண்ட தீமை ஒன்றே. சிறுமியரின் உயிரையும் உடலையும் காத்த இச்சட்டங்களின் மதிப்பு பெரிது. பொதுமக்களின் மனத்தை அவற்றுக்கு ஆயத்தப்படுத்தியதில் லலிதாவுக்கும் சுப்பிக்கும் சாரதாவுக்கும் பங்குண்டு.

மேடை கேட்காத கேள்வி நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. மணவாழ்வு உரிமை மீட்பு ஆணைக்காகச் சிறையிடும் விதி இந்தியாவில் 1923-இல்தான் நீங்கியது. ஆணை மட்டும் எஞ்சியது. 1955-இல் இயற்றப்பட்ட இந்து திருமணச் சட்டம் அதைத் தன் 9-ஆம் பிரிவாக ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து 1970-இல் அந்நடைமுறையை முற்றாக ஒழித்தது. 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்றம், நடிகை ஒருவர் தொடர்புடைய சரிதா வழக்கில், அப்பிரிவு பெண்ணின் உடல்மீதான உரிமையை அரசிடம் ஒப்படைக்கிறது என்று கூறி அதைச் செல்லாதது என அறிவித்தது. கன்யாசுல்கம் பிறந்த நிலத்தின் நீதிமன்றம் அது. அடுத்த ஆண்டு சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2019-இல் மீண்டும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கலானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகங்களை இன்று வகுப்பறையில் படிப்போர், அவை குழந்தை மணத்தை எதிர்த்தன என்று எழுதி மதிப்பெண் பெறலாம். அது தவறன்று. அதோடு, ஒவ்வொரு நாடகத்திலும் மணம் எந்தக் காரணத்தால் நிற்கிறது அல்லது முறிகிறது என்று கேட்பது பயனுடையது. கோத்திரம், வேடம், வழக்கறிஞரின் கருணை, மரணம் எனக் காரணங்கள் நீளும். 'எனக்கு விருப்பமில்லை' என்னும் ஒரு சொற்றொடர் மட்டும் அப்பட்டியலில் இல்லை. அதைப் பம்பாய் நீதிமன்றத்தில் சொன்ன ருக்மாபாய் 1955 செப்டம்பரில் காலமானார். அவ்வாண்டு மே மாதத்தில்தான் 9-ஆம் பிரிவைத் தாங்கிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.